மேஸி 1035-க்கு அசல் சிவப்பு: கலர் கோடு யாரிடமாவது இருக்கிறதா?

தேனிக்காட்டான் (உசிலம்பட்டி பக்கம்)

வணக்கம். பெரியப்பா வாங்கிய மேஸி பெர்குசன் 1035 ஒன்றை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இன்ஜின், கிளட்ச், ஹைட்ராலிக் வேலை எல்லாம் முடிந்தது. டிங்கரிங்கும் முக்கால்வாசி ஆகிவிட்டது. இப்போது பெயின்டில் வந்து நிற்கிறது.

அசல் சிவப்பு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். உதிரிபாகக் கடையில் 'மேஸி ரெட்' என்று எழுதிய டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். தகரத்தில் தடவிப் பார்த்தால் இப்போது ஷோரூமில் நிற்கும் வண்டிகளின் சிவப்பு போல இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ஷேட் கார்டை நீட்டி, சிக்னல் ரெட்டா போஸ்ட் ஆபீஸ் ரெட்டா என்கிறார்கள். இரண்டும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. எது என்றுதான் சொல்லத் தெரியவில்லை. பானட் அவ்வளவு வெளிறிவிட்டது. செங்கல்லும் ரோஸும் கலந்த ஏதோ ஒரு நிறம்.

கோடு ஏதாவது இருக்கிறதா? இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கத்துச் சாம்பல் நிறத்தை எப்படிப் பிடிப்பது? இடது மட்கார்டு துருவேறிப் போனதால் புதிது வாங்கியாகிவிட்டது. அதை மட்டும் பழைய நிறத்துக்குச் சேர்த்து அடிக்க முடியுமா, இல்லை முழு வண்டியும் அடித்தாக வேண்டுமா? எனாமலா, பி.யு.வா (பாலியூரித்தேன் பெயின்ட்)?

சும்மாஅடி (மன்னார்குடி)

தம்பி, உழுகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு யோசனை? போஸ்ட் ஆபீஸ் ரெட்டில் ஒரு லிட்டர் வாங்கி அடித்து விடுங்கள். பத்தடி தள்ளி நின்றால் எந்தச் சிவப்பும் சிவப்புதான். சேற்றில் இறங்கினால் அதுவும் கிடையாது.

கலவைமிஷின் (கோவை)

பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். கார், லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் கலந்து கொடுப்பதுதான் தொழில்.

முதலில் கோடு தேடுவதை நிறுத்துங்கள். சிக்னல் ரெட் 537, போஸ்ட் ஆபீஸ் ரெட் 538 எல்லாம் ஐ.எஸ். 5 என்கிற இந்தியத் தரப்பட்டியலின் நிறங்கள். சிலர் சொல்லும் ஆர்.ஏ.எல். எண்கள் 1927-இல் ஜெர்மனியில் தொடங்கிய பட்டியல். டிராக்டர் கம்பெனிக்காரர் தன் சிவப்பை இந்தப் பட்டியலுக்குள் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பக்கத்தில் வரும், பொருந்தாது. இணையத்தில் ஒருவர் '3020 தான் அசல்' என்பார், அடுத்தவர் '3002' என்பார். இரண்டு பேரும் பார்த்தது வெளிறிய வண்டியைத்தான்.

உங்கள் வண்டியின் நிறம் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. வெயில் படாத இடத்தில் தேடுங்கள். பானட் முன்பக்கத்தில் பெயர்ப் பட்டயம் இருந்தால் அதைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். டேங்கைக் கட்டிய பட்டைக்கு அடியில், பேட்டரித் தட்டுக்கு மேலே பானட்டின் உட்புறத்தில், மட்கார்டும் ஆக்சில் பிராக்கெட்டும் ஒட்டியிருக்கும் இடத்தில், டேஷ் போர்டு தகரத்துக்குப் பின்னால். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடமும் நல்ல இடம், பழைய ஸ்டிக்கராக இருந்தால்.

அங்கேயும் சும்மா துடைத்துவிட்டு 'இதுதான்' என்று சொல்லக்கூடாது. ரப்பிங் காம்பவுண்டு போட்டு வட்டமாகத் தேயுங்கள். மேலே உள்ள மாவு போன்ற வெள்ளைப் படலம் துணியில் வரும், அடியில் நிறம் எழும்பும். துணியில் ரோஸ் நிறம் வருவது நின்று, பளபளப்பு வந்தால் நிறுத்துங்கள்.

அப்புறம் இன்னொரு வேலை. இது யாரும் செய்வதில்லை. 320 வாட்டர் பேப்பரை நனைத்து, ஓர் இடத்தில் தகரம் தெரியும்வரை தேய்த்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகச் சாய்வாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். அடித்த ஒவ்வொரு பூச்சும் வெங்காயம் வெட்டியது மாதிரி வளையமாகத் தெரியும். நடுவில் தகரம், அடுத்து பிரைமர், அதற்கு அடுத்த வளையம்தான் கம்பெனி நிறம். ரெட் ஆக்சைடு பிரைமரைப் பார்த்து 'அசல் சிவப்பு கொஞ்சம் காவியாக இருந்திருக்கிறது' என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. அது மங்கலாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும். அதை விடுங்கள்.

நல்ல பகுதி கிடைத்தால், கழற்றக்கூடிய சிறு பாகமாகப் பார்த்துக் கடைக்கு எடுத்து வாருங்கள். நிறத்தை அளக்கும் மிஷினான ஸ்பெக்ட்ரோ மீட்டருக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தட்டையான, சுத்தமான இடம் போதும். இரண்டு மூன்று இடத்தில் வைத்து எடுக்க வேண்டும். மிஷின் பக்கத்தில் கொண்டுபோய் விடும், கடைசிச் சொட்டுகளைக் கண்தான் முடிவு செய்யும்.

சும்மாஅடி

வெங்காயம் வெட்டி முடிப்பதற்குள் நான் ஒரு போகம் உழுது முடித்திருப்பேன். சரி, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தொடருங்கள்.

வன்னி35 (கிளிநொச்சி)

எங்கள் பக்கத்தில் '35' என்று சொன்னாலே போதும், மாஸி பேர்குசன் உழவு இயந்திரம் என்று விளங்கும். இப்போதும் வயலிலும் மணல் ஏற்றவும் ஓடுகிறவை இருக்கின்றன. கோவை அண்ணை சொன்ன வளைய வேலையை நான் ஒரு 35-இன் மட்காட்டில் செய்து பார்த்தேன். மேலே ஒரு சிவப்பு, அடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை, பிறகு மறுபடி ஒரு சிவப்பு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கிடைத்த பெயின்றைத்தான் அடித்தார்கள். நிறம் பார்க்க யாருக்கு முடிந்தது? அந்தக் கடைசிச் சிவப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அளந்து கலந்தது நன்றாகவே வந்தது.

ஒரு சந்தேகம். கியர்பொக்ஸ் பக்கம் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிச் சுரண்டும்போது சாம்பலுக்கு அடியில் செம்பு நிறம் போல ஒன்று வருகிறது. துரு அல்ல, பெயின்ற்தான். யாரோ பிறகு அடித்ததா?

லெஸ்டர்வாசி (இங்கிலாந்து)

வன்னி35, அதைச் சுரண்டாதீர்கள், அப்படியே விடுங்கள்!

1946 முதல் 1956 வரை கவென்ட்ரியில் பேனர் லேன் தொழிற்சாலையில் செய்த பெர்குசன் டி.இ. 20 முழுக்கச் சாம்பல் நிறம். இங்கே அதைச் செல்லமாகச் 'சின்னச் சாம்பல் பெர்கி' என்பார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து 1956-இல் வந்த எஃப்.இ. 35-க்குத் தகரம் சாம்பல், இன்ஜினும் கியர்பாக்ஸும் செம்பு கலந்த பொன்னிறம். மாஸி-ஹாரிஸும் பெர்குசனும் 1953-லேயே சேர்ந்துவிட்டாலும், நாம் அறிந்த சிவப்புத் தகரம், சாம்பல் உடம்பு என்ற ஜோடி 1957 இறுதியில்தான் வந்தது. ஆகவே உங்கள் வண்டி அந்தச் சிவப்புக்கு முந்தையதாக இருக்கலாம். அல்லது முந்தைய வண்டியின் கியர்பாக்ஸ் மாற்றிப் போட்டதாக இருக்கலாம். மட்காட்டின் கடைசி வளையமும் சிவப்பு என்கிறீர்கள், கியர்பாக்ஸ் செம்பு என்கிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. வண்டி எண் தகட்டையும் வார்ப்பில் உள்ள எண்களையும் பாருங்கள்.

தேனிக்காட்டான், உங்கள் 1035-க்கு இந்தக் குழப்பம் இல்லை. இந்தியாவில் மேஸி வண்டிகளைச் செய்யும் டாஃபே சென்னையில் 1960-இல் தொடங்கியது, அதற்குள் சிவப்பும் சாம்பலும் நிலைத்துவிட்டன.

இன்னொன்று, இங்கிருந்து டப்பா அனுப்பச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். பெயின்ட் எரியக்கூடிய பொருள், விமானப் பெட்டியில் விட மாட்டார்கள், தபாலிலும் வராது. இங்கே '35 சிவப்பு', '135 சிவப்பு', 'ஃபிளின்ட் சாம்பல்' என்று மாடல் பெயர் போட்டே விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டு கம்பெனியின் '35 சிவப்பை' ஒரே தகரத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் நடுவில் கோடு தெரியும். அடித்துக் காய்ந்த தகரத் துண்டு வேண்டுமானால் உறையில் போட்டு அனுப்பலாம். அது தபாலில் தாராளமாக வரும்.

தேனிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. பட்டயத்தைக் கழற்றிப் பார்த்தோம். பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே சிவப்பு! காம்பவுண்டு போட்டதும் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. பானட்டின் உட்புறத்திலும் சிவப்பு கிடைத்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உட்புறம் கொஞ்சம் ஆரஞ்சு சாய்கிறது, பட்டயத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஆழம். எதை எடுப்பது?

கலவைமிஷின்

பட்டயத்துக்குப் பின்னால் உள்ளதை எடுங்கள். பானட்டின் உட்புறத்தில் பூச்சு மெல்லிசாக இருக்கும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு ஓட்டு ஓட்டி விட்டிருப்பார்கள். சிவப்பு பூச்சு மெல்லிசானால் அடியில் உள்ள பிரைமரின் நிறம் மேலே எட்டிப் பார்க்கும். தவிர, இன்ஜின் சூடு வேறு. பட்டயத்துக்குப் பின்னால் முழு கனத்தில் அடித்திருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கலவை சரியாக இருக்கும், அடித்த பிறகு 'நீ கொடுத்தது வேறு' என்று டப்பாவோடு திரும்பி வருவார்கள். பழைய சிவப்புகளில் ஈயக் குரோமேட் சேர்ந்த நிறமிகள் இருந்தன. அவை நன்றாக மூடும், இரண்டு கோட்டிங்கில் அடியில் இருப்பது தெரியாது. இப்போது ஈயம் இல்லாத நிறமிகள். உடம்புக்கு நல்லது, ஆனால் சிவப்பில் மூடும் சக்தி குறைவு. கறுத்த ரெட் ஆக்சைடு மேல் நேரடியாக அடித்தால் காவி சாயும். வெள்ளை மேல் அடித்தால் எரிகிற மாதிரி இருக்கும். துருவுக்கு ரெட் ஆக்சைடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் மேல் இளஞ்சாம்பல் சர்ஃபேசர் (பிரைமருக்கும் நிறத்துக்கும் நடுவில் போடும் பூச்சு) ஒரு கோட்டிங், அப்புறம் சிவப்பு மூன்று கோட்டிங். மாதிரித் தகடு அடிக்கும்போதும் இதே வரிசையில் அடிக்க வேண்டும். வெறும் தகரத்தில் அடித்துப் பார்த்து முடிவு செய்தால் அந்த முடிவு வண்டிக்குச் செல்லாது.

நிறமி மாறியதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடை டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கும், வாசலுக்கு வந்தால் வேறாக இருக்கும். பழையதும் புதியதும் வேறு வேறு பொருளால் ஆன சிவப்பு, வெளிச்சம் மாறினால் வேறு வேறாகத்தான் நடந்துகொள்ளும். டிராக்டர் வெயிலில் நிற்கிற வண்டி. அதனால் வெளியே, நேர் வெயில் படாத நிழலில், பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒப்பிடவே கூடாது, எனாமல் காய்ந்தால் ஒரு பிடி கறுக்கும்.

வேண்டியதை ஒரே கலவையாக வாங்கிக்கொள்ளுங்கள். தகரத்துக்கு எவ்வளவு என்று பெயின்டரைக் கேட்டு, கால் லிட்டர் கூடவே கலக்கச் சொல்லுங்கள். ஒரே ஃபார்முலாவை நானே இரண்டாம் முறை கலந்தாலும் மயிரிழை வித்தியாசம் வரும்.

ஸ்ப்ரேகன் (பொள்ளாச்சி)

பெயின்டர் தரப்பில் கொஞ்சம்.

தேனிப் பக்கம் என்றால் ஆடிக் காற்றில் வெளியே அடிக்காதீர்கள். எங்கள் ஊரிலும் இதே கதைதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எடுத்தால் ஈரப் பூச்சில் தூசு, சருகு, கொசு எல்லாம் வந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) அடித்தால் வெளுத்து மூட்டம் போடும். மெதுவாகக் காய வைக்கும் ரிடார்டர் தின்னர் கலந்து சமாளிக்கலாம், சமாளிப்பு சமாளிப்புதான். தை, மாசி பார்த்து வையுங்கள்.

எனாமலா பி.யு.வா என்றால், என் ஓட்டு நல்ல சிந்தடிக் எனாமலுக்கு. பி.யு. அதிக நாள் நிறம் விடாது, டீசல் பட்டாலும் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஈரம் சொட்டுகிற பளபளப்பு பழைய டிராக்டரில் பொருந்தாது. அடிக்கிறவர் உடம்பையும் பார்க்க வேண்டும். பி.யு.வோடு கலக்கும் ஹார்ட்னரில் (இறுக வைக்கும் திரவம்) ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுக்கும். வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லாமல், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கச் சொல்லாதீர்கள். எத்தனையோ ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் அடிக்கிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கும்.

பழைய பூச்சைச் சுரண்டும்போதும் அதே எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர வைத்து கிரைண்டரில் தேய்க்க வேண்டாம், தண்ணீர் போட்டுத் தேயுங்கள். குழந்தைகள் விளையாடும் வாசலில் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

சாம்பல் பக்கத்துக்கு நிறத்தைவிட எண்ணெய்தான் எதிரி. மண்ணெண்ணெயில் கழுவினால் சுத்தமான மாதிரி தெரியும், அதுவே ஒரு எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். சோப்புத் தண்ணீர், அப்புறம் தின்னர் துணி, அப்புறம் இன்னொரு சுத்தமான தின்னர் துணி. இல்லாவிட்டால் பூச்சு அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கும். சைலன்சரும் மானிஃபோல்டும் இந்தக் கணக்கில் வராது. அதற்குச் சூடு தாங்கும் பெயின்ட் தனியாக இருக்கிறது.

லெஸ்டர்வாசி

ஸ்ப்ரேகன் சொன்னதோடு ஒன்று. சாம்பல் பகுதியைக் கம்பெனியில் பூட்டி முடித்த பிறகு மொத்தமாக அடித்தார்கள். போல்ட் தலை, பைப், பிராக்கெட் எல்லாம் ஒரே சாம்பல். இங்கே கண்காட்சிக்கு வரும் சில வண்டிகளில் ஒவ்வொரு போல்ட்டையும் புதிதாக ஜிங்க் பூசிப் பளபளக்க வைத்திருப்பார்கள். கண்ணுக்கு அழகு, ஆனால் அப்படி ஒரு வண்டி பேனர் லேன் வாசலைத் தாண்டி வந்ததே இல்லை.

நீலஃபோர்டு (தாராபுரம்)

இடையில் ஒரு கேள்வி: ஃபோர்டு 3600-க்கு அந்த நீலமும் இதே முறையில் கிடைக்குமா?

கலவைமிஷின்

கிடைக்கும். நீலம் சிவப்பை விடச் சுலபம், நன்றாக மூடும். தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

தேனிக்காட்டான்

மட்கார்டு கேள்வி அப்படியே நிற்கிறது. பெரியப்பாவுக்கு முழு வண்டியும் புதிதாக அடிப்பதில் மனசே இல்லை. 'புது வண்டி மாதிரி நின்றால் அது என் வண்டி இல்லை' என்கிறார். பானட்டும் வலது மட்கார்டும் பழையபடி இருக்க, இடதை மட்டும் வெளிறிய நிறத்துக்கே கலந்து அடித்தால் என்ன?

கலவைமிஷின்

கலந்து தரலாம். மிஷின் வெளிறியதையும் அளக்கும். மேட்டிங் ஏஜென்ட் சேர்த்தால் பளபளப்பும் குறையும். நீங்கள் எடுத்துப் போகிற அன்றைக்குப் பொருந்தும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பூச்சு இனியும் வெளிறும், புதியது வேறு வேகத்தில் வெளிறும். இரண்டு கோடை போனால் இடது மட்கார்டு தனியாகத் தெரியும். தவிர, வெளிறிய நிறம் ஒரே நிறமும் அல்ல. மட்கார்டு மேலே ரோஸ், பக்கவாட்டில் சிவப்பு, ஆள் உட்கார்ந்து கால் தேய்க்கிற இடத்தில் இன்னொன்று. எதற்குப் பொருத்துவது?

வன்னி35

நான் இதை மறுக்கிறேன் அண்ணை. வெளிறியதைப் புதுசுக்குப் பொருத்துவதும் ஒரு வழிதானே? போனட்டையும் வலது மட்காட்டையும் கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, எவ்வளவு நிறம் எழும்புகிறதோ அதுவரை எழுப்புங்கள். பட்டயத்துக்குப் பின்னால் இருந்த அளவு வராது, ஆனால் இப்போது இருக்கிற ரோஸ் போய்விடும். அந்த எழும்பிய நிறத்துக்கு இடது மட்காட்டைக் கலக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருக்கும், ஆனால் ஒரே வண்டியின் இரண்டு பக்கம் என்று ஒத்துக்கொள்ளலாம். பெரியப்பா சொல்வது எனக்கு விளங்குகிறது. எங்கள் ஊரில் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான் முழுக்க ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் கீறலை மூடிப் பெயின்ற் அடிக்க விடமாட்டார்கள்.

ஸ்ப்ரேகன்

வன்னி சொல்கிற வழி நடக்கும், பூச்சு மீதி இருந்தால். இத்தனை வருஷம் வெயில் பட்ட பூச்சு மேல்பக்கத்தில் மெல்லிசாகிப் போயிருக்கும். காம்பவுண்டை அழுத்தித் தேய்த்தால் பிரைமர் வந்துவிடும், விளிம்புகளில் முதலில் வரும். விளிம்புக்கு டேப் ஒட்டிக்கொண்டு, கையால் மட்டும் தேயுங்கள், பஃபிங் மிஷின் வேண்டாம். முடித்ததும் வேக்ஸ் போடுங்கள், ஆனால் மட்கார்டு அடித்து முடிக்கும்வரை வேக்ஸ் டப்பாவை ஒர்க்‌ஷாப் பக்கமே கொண்டுவராதீர்கள். வேக்ஸில் சிலிகோன் இருந்தால் புதுப் பூச்சில் குழி விழும்.

புது மட்கார்டு கறுப்புப் பூச்சோடு வந்திருக்குமே, அதை நம்பி மேலே அடிக்காதீர்கள். அது வழியில் துரு பிடிக்காமல் இருப்பதற்கான பூச்சு. தின்னர் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள், கரைந்து வந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள்.

சும்மாஅடி

ஒரு மட்கார்டுக்கு இத்தனை பேர் வந்துவிட்டீர்கள். இதெல்லாம் படித்துவிட்டு நேற்று என் வண்டி டேஷ் போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே வேறு சிவப்பு இருக்கிறது. நான் அடித்ததைவிட நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லித் தொலைக்கிறேன்.

தேனிக்காட்டான்

வன்னி அண்ணன் வழியிலேயே போகிறோம். வலது மட்கார்டு தேய்த்தாகிவிட்டது. மேல் வளைவில் ஓர் இடத்தில் மட்டும் பிரைமர் தெரிகிறது. பெரியப்பா அதை அப்படியே விடச் சொல்லிவிட்டார். கோவையில் அளந்து, கலந்து, இரண்டு மாதிரித் தகடு சாம்பல் சர்ஃபேசர் மேல் அடித்தோம். மூன்று கோட்டிங் போட்டது பொருந்துகிறது, இரண்டு கோட்டிங் போட்டது ஆரஞ்சு. சாம்பலுக்கு ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டுக்குப் பின்னால் நல்ல துண்டு கிடைத்தது.

ஆர்.சி.யில் நிறம் மாற்ற வேண்டியிருக்குமா? கடைசியாக, ரிம் சில்வரா வெள்ளையா?

கலவைமிஷின்

ஆர்.சி.யில் நிறம் சிவப்பு என்றுதானே இருக்கும், அதே சிவப்புதான் அடிக்கிறீர்கள், ஒன்றும் வேண்டாம். பச்சை அடித்தால் கேளுங்கள்.

ரிம்மை ஊகத்தில் அடிக்காதீர்கள். பிரிட்டிஷ் 35-க்கு வெள்ளி நிறம். உங்களுடையதற்கு டிஸ்க்கும் ரிம்மும் போல்ட்டில் சேரும் இடத்தைக் கழற்றி, நடுவில் சுரண்டிப் பாருங்கள். அந்த இடத்தில் யாரும் மறுபடி பிரஷ் விட்டிருக்க மாட்டார்கள். வெள்ளி என்றால் அலுமினியம் பெயின்ட் டப்பாவை அடியிலிருந்து நன்றாகக் கலக்கிவிட்டு அடியுங்கள், பொடி கீழே தங்கிவிடும். வண்டி எண் தகட்டை மறக்காமல் கிரீஸ் தடவி மூடிவிடுங்கள், மேலே பெயின்ட் தெறித்தால் துடைத்து எடுத்துக்கொள்ளலாம்.